நாலு பிரதியும் அறுபது ஆண்டும்

வாசகர் கேள்வி – பதில்

அச்சான புத்தகத்தை அரசு எப்படிக் காக்கிறது, பதிப்புரிமைச் சட்டம் அதில் எங்கே வருகிறது என்று நெல்லை, தென்காசி, தூத்துக்குடிப் பக்கமிருந்து பலர் எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரி இருந்த கடிதங்களைச் சேர்த்து, எட்டுக் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

எங்கள் ஊர் வரலாற்றை எழுதிச் சிவகாசியில் 300 பிரதி அடித்தேன். 50 பிரதி கெட்டி அட்டை, மீதி சாதா அட்டை. “கவர்மெண்டுக்கு நாலு புஸ்தகம் அனுப்பணும், இல்லைன்னா காப்பிரைட் போயிரும்” என்கிறார் அச்சடித்துக் கொடுத்த அண்ணாச்சி. உண்மையா? யாருக்கு, எப்படி அனுப்புவது?
– வாசகர், அம்பாசமுத்திரம்

அண்ணாச்சி சொன்னதில் முன்பாதி சரி. பின்பாதி சரியில்லை.

பதிப்புரிமை நீங்கள் எழுதிய அன்றே உங்களுடையதாகிவிட்டது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அதற்காகப் பதிவும் கேட்கவில்லை, பிரதியும் கேட்கவில்லை. நாலு பிரதி அனுப்பச் சொல்வது வேறொரு சட்டம். பொது நூலகங்களுக்குப் புத்தகம் வழங்குவது பற்றி 1954-இல் வந்தது. 1956-இல் செய்தித்தாள்களையும் அதில் சேர்த்தார்கள். பதிப்பாளர்கள் அதை ‘டெலிவரி ஆக்ட்’ என்றே சொல்வார்கள். முதல் சட்டம் எழுதியவரின் உரிமையைக் காக்கிறது, இரண்டாவது புத்தகத்தையே காக்கிறது. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால், “எனக்கு ரைட்ஸ் எதுவும் வேண்டாம், ஊருக்காக அடித்தது” என்று பலர் அனுப்பாமலே இருந்துவிடுகிறார்கள். உரிமை வேண்டாம் என்கிறவரும் பிரதி அனுப்பத்தான் வேண்டும்.

அனுப்ப வேண்டியவர் பதிப்பாளர். நீங்களே பணம் போட்டு, உங்கள் பெயரில் வெளியிட்டிருந்தால் பதிப்பாளர் நீங்கள்தான். அச்சகத்தின் தலையில் அது விழாது. அச்சகக்காரர் அரசுக்குப் பிரதி கொடுக்கும் வழக்கம் 1867-ஆம் ஆண்டின் பழைய அச்சகச் சட்டத்திலிருந்து வந்தது. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2023-இல் இயற்றிய பருவ இதழ்கள் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. புதிய சட்டம் புத்தகங்களுக்குப் பொருந்தாது. பழைய பழக்கத்தில் “அச்சகம் பார்த்துக்கொள்ளும்” என்று யாராவது சொன்னால் நம்பி இருந்துவிடாதீர்கள்.

புத்தகம் வெளியான நாளிலிருந்து 30 நாளுக்குள், உங்கள் செலவில், நாலு இடத்துக்குப் போக வேண்டும்: கொல்கத்தா அலிப்பூர் பெல்வெடேரில் உள்ள தேசிய நூலகம், சென்னை எழும்பூர் பாந்தியன் சாலையில் உள்ள கன்னிமாரா பொது நூலகம், மும்பை டவுன்ஹாலில் உள்ள மைய நூலகம், டெல்லிப் பொது நூலகம். நாலுக்கும் தனித்தனிப் பார்சல். நாலையும் ஒரே கட்டாகக் கன்னிமாராவுக்கு அனுப்பிவிட்டு, மற்ற மூன்றை அவர்கள் அனுப்பிவிடுவார்கள் என்று நினைப்பது வழக்கமாக நடக்கும் தவறு.

உங்களிடம் கெட்டி அட்டையும் சாதா அட்டையும் இருப்பதால் ஒன்றைக் கவனியுங்கள். கொல்கத்தாவுக்குப் போகும் பிரதி, அச்சடித்ததிலேயே உயர்ந்த தாளில், உயர்ந்த கட்டில் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. மற்ற மூன்றும் விற்பனைக்கு அதிகமாக அடித்த வகையில் இருந்தால் போதும். ஆக, கெட்டி அட்டையில் ஒன்று கொல்கத்தாவுக்கு, சாதா அட்டையில் மூன்று மற்ற இடங்களுக்கு. ஊர் வரைபடம், குடும்பக் கொடிவழிப் படம் என்று மடித்துச் செருகியது ஏதாவது இருந்தால் நாலு பிரதியிலும் இருக்கிறதா என்று விரித்துப் பாருங்கள். கடைசியாகக் கட்டிய பிரதிகளில்தான் செருகல் தாள் விடுபட்டிருக்கும்.

பார்சல் கட்டுமுன் பதிப்பு விவரப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பாளர் பெயர், முழு முகவரி, எத்தனையாவது பதிப்பு, மாதம், ஆண்டு, பக்கம், விலை, அச்சகம் எல்லாம் இருக்க வேண்டும். நம் பக்கத்து ஊர் வரலாற்று நூல்கள் பலவற்றில் அணிந்துரை எழுதியவரின் படம் முழுப்பக்கம் இருக்கும்; எந்த ஆண்டு அச்சானது என்பது எங்கும் இருக்காது. 40 வருடம் கழித்து அதைக் கையில் எடுக்கும் நூலகருக்குத் தலைவலி அங்கேதான் தொடங்குகிறது. விட்டுப்போயிருந்தால் ரப்பர் ஸ்டாம்ப் அடித்தாவது சேர்த்துவிடுங்கள். ‘அன்பளிப்பு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பாதீர்கள். நன்கொடைப் புத்தகங்களோடு போய்ச் சேர்ந்துவிடும்.

உள்ளே ஒரு பக்கக் கடிதம் வையுங்கள். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுப்பும் பிரதி என்பதை முதல் வரியிலேயே எழுதி, நூல் விவரம், வெளியான தேதி, ரசீது வர வேண்டிய முகவரி ஆகியவற்றைத் தெளிவாகக் கொடுங்கள். கொல்கத்தா, மும்பை, டெல்லிக்குப் போகும் கடிதத்தில் நூலின் பெயரை ஆங்கில எழுத்திலும் சேர்த்து எழுதுவது நல்லது. புத்தகத்தைப் பாலிதீன் உறையில் போட்டு, இரண்டு பக்கமும் அட்டை வைத்துக் கட்டுங்கள். மூலை நசுங்காது.

விதிப்படி பதிவுத் தபாலிலோ ஆள் மூலமோ கொடுக்க வேண்டும். 2025-இல் பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்டோடு இணைத்துவிட்டதால், இப்போது கவுண்டரில் அப்படித்தான் அனுப்ப வேண்டியிருக்கும். சென்னைக்கு யாராவது போகிறார்கள் என்றால் கன்னிமாராவில் நேரில் கொடுத்து ரசீது வாங்கி வரச் சொல்லுங்கள். ரசீது கொடுக்க வேண்டியது நூலகத்தின் கடமை, சட்டத்திலேயே இருக்கிறது. இரண்டு மாதத்தில் வரவில்லை என்றால் தபால் எண்ணைக் குறிப்பிட்டு ஒரு கார்டு போடுங்கள். நாலு ரசீதையும் நூல் கணக்கோடு சேர்த்துக் கோப்பில் வையுங்கள்.

தமிழ்ப் புத்தகம் கொல்கத்தாவில் யாருக்கு? டெல்லியில் யார் எடுத்துப் படிக்கப்போகிறார்கள்? வீண் செலவாகத் தோன்றுகிறதே?
– வாசகர், சங்கரன்கோவில்

அங்கே யாராவது படிப்பார்களா என்பது இரண்டாவது விஷயம். ஒரே வெள்ளம், ஒரே தீ, ஒரே கரையான் புற்று நாலு பிரதியையும் ஒருசேர அழிக்க முடியாது. நாலு திசையில் வைப்பதன் காரணம் அதுதான்.

நம் கடற்கரைக் கதையே இதற்குச் சாட்சி. முத்துக்குளித்துறையில் ஊழியம் செய்து தூத்துக்குடியில் அடக்கமான அன்றீக்கே அன்றீக்கஸ் அடிகளார் 1578-இல் கொல்லத்தில் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கச் சிறுநூல். இந்திய மொழி எழுத்தில் இந்திய மண்ணில் அச்சானவற்றில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய நூல் அது. அதன் பிரதி இன்று அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அவர் 1586-இல் அச்சிட்ட அடியார் வரலாற்றின் பிரதி வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது. யாருக்காக அச்சடித்தார்களோ அந்தப் பரதவ ஊர்களில் ஒரு தாள்கூட மிஞ்சவில்லை. வெளியே போன பிரதிதான் பிழைத்தது. வெளிநாடு போய்த் தேடாமல் நம் நாட்டுக்குள்ளேயே நாலு இடத்தில் இருக்கட்டும் என்பதற்குத்தான் இந்தச் சட்டம்.

இன்னொரு பயனும் உண்டு. இப்படி வந்து சேரும் புத்தகங்களை வைத்துத்தான் கொல்கத்தாவிலுள்ள மத்தியக் குறிப்புதவி நூலகம் 1958 முதல் இந்தியத் தேசிய நூற்பட்டியலைத் தயாரிக்கிறது. உங்கள் ஊரைப் பற்றி ஒரு புத்தகம் உண்டு என்பது வெளியூர் ஆய்வாளருக்குத் தெரிய அது ஒரு வழி.

கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டுக் கதையை 24 பக்கத்தில் அடித்து இலவசமாகக் கொடுத்தோம். இதெல்லாம் புத்தகக் கணக்கில் வருமா? அனுப்பாவிட்டால் தண்டனை உண்டா?
– விழாக் குழுவினர், வள்ளியூர்ப் பக்கம்

வரும். பக்கம் எத்தனை என்று சட்டம் பார்ப்பதில்லை. நூலின் ஒரு பகுதி, சிறு பிரசுரம், தனியே அச்சிட்ட வரைபடம், இசைத் தாள் எல்லாமே ‘புத்தகம்’ என்ற சொல்லுக்குள் அடக்கம். எந்த மொழியானாலும் சரி. எதுவும் மாற்றாமல் மறுபடி அடித்தால் மட்டும், முதல் பதிப்பு போயிருக்கிற பட்சத்தில், மறுபடி அனுப்ப வேண்டியதில்லை. ஒரு பாட்டைச் சேர்த்தாலும் அனுப்ப வேண்டும்.

தண்டனை 50 ரூபாய் வரை அபராதமும் புத்தகத்தின் விலையும். அதற்கும் மத்திய அரசு அதிகாரம் கொடுத்த அதிகாரி புகார் செய்தால்தான் நீதிமன்றம் வழக்கை எடுக்கும். 1954-இல் எழுதிய தொகை அப்படியே நிற்கிறது. இன்று அது யாரையும் அசைக்காது, உண்மைதான். அபராதத்துக்குப் பயந்து அனுப்ப வேண்டிய காலம் போய்விட்டது. ஆனால் உங்கள் 24 பக்கத்துக்கு இது மிகவும் வேண்டும். பெரிய பதிப்பகத்தின் நாவல் ஆயிரம் வீட்டில் இருக்கும். சுடலைமாடன் கதையின் உங்கள் ஊர்ப் பாடம், புலவர் சொல்லச் சொல்ல எழுதி அச்சேற்றியது, வேறெங்கும் கிடையாது. சென்டர் பின் அடித்த அந்தச் சிறு நூல் கொடை முடிந்த மூன்றாம் நாள் பந்தல் கயிற்றோடு சேர்த்து மூட்டை கட்டப்பட்டுவிடும். தேவாலய நூற்றாண்டு மலர், பள்ளி வெள்ளிவிழா மலர், சங்க மலர் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். பின் துருப்பிடித்துத் தாளைத் தின்னும் என்பதால், அனுப்பும் நாலு பிரதிக்கு மட்டும் பின்னை எடுத்துவிட்டு நூலால் மூன்று துளைத் தையல் போட்டால் இன்னும் நல்லது. ஒரு பிரதிக்கு இரண்டு நிமிட வேலை.

ஐ.எஸ்.பி.என். வாங்கிவிட்டேன். இனிப் பதிப்புரிமைப் பதிவு வேண்டாம்தானே?
– வாசகி, தென்காசி

இரண்டுக்கும் தொடர்பில்லை. ஐ.எஸ்.பி.என். என்பது கடையும் நூலகமும் புத்தகத்தை அடையாளம் காணும் எண். நம் நாட்டில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதைக் கட்டணமில்லாமல் தருகிறது. பணம் கேட்டு யாராவது இடையில் வந்தால் விலகிக்கொள்ளுங்கள். பதிப்புரிமைப் பதிவு கட்டாயமில்லை. நாளை வழக்கு வந்தால் முதல்நிலைச் சான்றாக நிற்கும், அவ்வளவுதான். வேண்டுமென்றால் டெல்லியிலுள்ள பதிப்புரிமை அலுவலகத்துக்கு 14-ஆம் படிவத்தில் விண்ணப்பிக்கலாம். இலக்கிய நூலுக்குக் கட்டணம் 500 ரூபாய். ஆட்சேபணைக்காக 30 நாள் நிறுத்திவைப்பார்கள். அங்கே கொடுக்கும் பிரதி டெலிவரி ஆக்ட் கணக்கில் சேராது.

எங்கள் தாத்தா 1971-இல் காலமானார். அவர் எழுதிய மூன்று நூல்கள் இப்போது கடையில் இல்லை. பேரப்பிள்ளைகள் ஆறு பேர் ஆறு ஊரில் இருக்கிறோம். அரசு நாட்டுடைமை ஆக்கினால் நல்லது என்று சிலரும், உரிமை போய்விடும் என்று சிலரும் சொல்கிறார்கள்.
– வாசகி, கல்லிடைக்குறிச்சி

முதலில் கணக்கு. ஆசிரியர் இறந்த அடுத்த ஆண்டின் ஜனவரி 1-லிருந்து 60 ஆண்டு எண்ண வேண்டும். தாத்தாவின் நூல்களுக்கு 1972 ஜனவரி 1-இல் கணக்குத் தொடங்கி 2031 டிசம்பர் 31-இல் முடிகிறது. 2032 பிறந்தால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். இறந்த தேதியிலிருந்து எண்ணுவது, புத்தகம் வெளியான ஆண்டிலிருந்து எண்ணுவது இரண்டுமே தவறு. அச்சேறாத கைப்பிரதி ஏதாவது இருந்தால் அதைத் தனியே வையுங்கள். ஆசிரியர் இறந்த பிறகு முதன்முறை வெளியாகும் நூலுக்கு, வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுக் கணக்கு புதிதாகத் தொடங்கும்.

அடுத்து, உரிமை குடும்பத்திடம்தான் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் காலத்தில் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு ‘சகல உரிமையும்’ பதிப்பகத்துக்கு எழுதிக் கொடுப்பது உண்டு. பழைய டிரங்குப் பெட்டியில் முத்திரைத்தாள், பதிப்பகக் கடிதம், ராயல்டிக் கணக்கு எது இருந்தாலும் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிட்டு மேலே போங்கள். உயில் இல்லாவிட்டால் உரிமை வாரிசுகள் எல்லோருக்கும் பொது. ஆறு பேரில் ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டுப் பதிப்பகத்துக்குக் கொடுத்தால் பிறகு வில்லங்கம் வரும். ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டால் வேலை எளிது.

நாட்டுடைமை என்பது தமிழக அரசு, தமிழ் வளர்ச்சித் துறை வழியாக, வாரிசுகளுக்கு ஒரு தொகை கொடுத்து உரிமையைப் பெற்று, எல்லோருக்கும் பொதுவாக்குவது. எட்டயபுரத்துப் பாரதியின் எழுத்துகளின் உரிமையை 1949-இல் அன்றைய சென்னை மாகாண அரசு வாங்கிப் பிறகு பொதுவாக்கியதிலிருந்து இந்த வழக்கம் தொடங்குகிறது. பொதுவான பிறகு எந்தப் பதிப்பகமும் அனுமதி கேட்காமல் அச்சிடலாம், குடும்பத்துக்கு ராயல்டி வராது. “உரிமை போய்விடும்” என்று சொன்னவர்கள் சொன்னது சரிதான். ஆனால் கடையிலேயே இல்லாத நூலுக்கு எந்த ராயல்டியும் வரப்போவதில்லை. மிஞ்சியிருக்கும் சில ஆண்டுகளுக்காகப் புத்தகத்தைப் பூட்டி வைப்பதைவிடத் திறந்துவிடுவதே நல்லது என்பது எங்கள் கருத்து.

ஒரு எச்சரிக்கை. நாட்டுடைமை ஆனதும் அரசே எல்லாவற்றையும் அச்சிட்டுவிடும் என்று நினைக்காதீர்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நாட்டுடைமை நூல்கள் பல ஏறியிருக்கின்றன. அதற்கும் கையில் ஒரு முழுப் பிரதி வேண்டும். விண்ணப்பம் எழுதுவதற்கு முன்பே மூன்று நூலுக்கும் கிழியாத பிரதியைத் தேடிப் பிடியுங்கள். வீட்டில் இல்லையென்றால் கன்னிமாரா, சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகம் மூன்றிலும் கேளுங்கள்.

ஆசிரியர் பெயரே இல்லாத, 1930-களில் அச்சான கும்மிப் பாட்டுப் புத்தகம் ஒன்று கிடைத்தது. மறுபதிப்புச் செய்யலாமா?
– வாசகர், களக்காடு

செய்யலாம். பெயரில்லாமலோ புனைபெயரிலோ வந்த நூலுக்கு, வெளியான அடுத்த ஆண்டிலிருந்துதான் 60 ஆண்டுக் கணக்கு. 1930-களில் வந்ததற்கு எப்படி எண்ணினாலும் காலம் முடிந்துவிட்டது. ஆனால் அட்டையில் இல்லாத பெயர் சில சமயம் பாட்டின் கடைசி அடியில் முத்திரையாக இருக்கும், அல்லது சாற்றுக்கவியில் இருக்கும். பெயர் அப்படித் தெரியவந்தால் அவர் இறந்த ஆண்டை விசாரியுங்கள். பழைய மூலத்தை மட்டும் எடுங்கள். பின்னால் ஒருவர் எழுதிச் சேர்த்த உரை, முன்னுரை, படம் ஆகியவை அவருடையவை.

ஆசிரியர் யாரென்று தெரிந்தும் வாரிசைக் கண்டுபிடிக்க முடியாத, காலம் முடியாத நூலுக்கு வேறு வழி இருக்கிறது. சட்டத்தின் 31அ பிரிவில் உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். அதற்கு முன் நாடு முழுக்கப் பரவலாக விற்கும் ஆங்கில நாளிதழில் அறிவிப்பு வெளியிட வேண்டும். சிறு பதிப்பகத்துக்கு அந்த விளம்பரச் செலவே பெரும் பாரம் என்பதால் இந்தக் கதவை அதிகம் பேர் தட்டுவதில்லை.

எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் பழைய நூல்கள் 200 இருக்கின்றன. பொடிந்துகொண்டு வருகின்றன. ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டுவிடலாமா? சட்டம் தடுக்குமா?
– படிப்பகப் பொறுப்பாளர், கோவில்பட்டி

ஸ்கேன் செய்வது வேறு, இணையத்தில் போடுவது வேறு. சட்டமும் இரண்டையும் வேறாகத்தான் பார்க்கிறது.

பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவில், எதெல்லாம் உரிமை மீறல் ஆகாது என்ற பட்டியல் இருக்கிறது. அதில் இரண்டு உங்களுக்கானவை. இந்தியாவில் விலைக்குக் கிடைக்காத புத்தகத்தை, வணிக நோக்கமில்லாத பொது நூலகம் தன் பயனுக்காக மூன்று பிரதி வரை எடுத்துக்கொள்ளலாம். இன்னொன்று 2012-இல் சேர்த்தது: அப்படிப்பட்ட நூலகம், தன்னிடம் ஏற்கெனவே தாளில் உள்ள நூலை, பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்கலாம். இரண்டுக்குமே ஆசிரியரின் அனுமதி வேண்டாம். ஆனால் சேமித்ததை வாட்ஸ்அப் குழுவில் விடவோ இணையத்தில் ஏற்றவோ இந்த விலக்கு இடம் தரவில்லை. காலம் முடிந்த நூலையும் நாட்டுடைமையான நூலையும் தாராளமாக ஏற்றலாம். மற்றவை உங்கள் வட்டிலேயே இருக்கட்டும்.

ஆகவே 200 நூலையும் முதலில் ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆசிரியர் இறந்த ஆண்டைக் குறியுங்கள். அது தெரிந்தாலே எதை வெளியே விடலாம், எதை உள்ளே வைக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். மூன்று பிரதி எடுக்கும் நூலுக்கு, பதிப்பகத்துக்கு எழுதிய கடிதத்தின் நகலும் ‘ஸ்டாக் இல்லை’ என்ற பதிலும் கோப்பில் இருக்கட்டும். படிப்பகம் எல்லோருக்கும் திறந்தது, கட்டணம் இல்லை என்பதையும் விதியாக எழுதி வையுங்கள்.

ஸ்கேனரில் புத்தகத்தைக் கவிழ்த்து அமுக்கினால் பசையால் ஒட்டிய முதுகு படாரென்று பிளந்துவிடும். பழைய செய்தித்தாள் தாளில் உள்ள மரச்சத்தும் அமிலமும் ஏற்கெனவே அதை அப்பளம் போல ஆக்கியிருக்கும். அதனால் புத்தகத்தை 90 பாகை அளவுக்கு மட்டும் திறந்து, ‘வி’ வடிவப் பலகையில் சாய்த்து வைத்து, மேலிருந்து கேமராவில் எடுங்கள். 400 டி.பி.ஐ., வண்ணத்தில். போன் செயலியில் தாளை வெள்ளையாக்கும் வடிகட்டிகள் உண்டு. அவை மங்கிய புள்ளியையும் ஒற்றையும் அழித்துவிடும், ‘க்’ ‘க’ ஆகிவிடும். மூலப் படத்தை டிஃப் கோப்பாக அப்படியே வைத்துக்கொண்டு, படிப்பதற்குத் தனியே பி.டி.எஃப். செய்யுங்கள். டெம்மி அளவுப் பக்கம் ஒன்று ஏறக்குறைய 22 எம்.பி. வரும், 200 பக்க நூல் நாலரை ஜி.பி. உங்கள் 200 நூலுக்கு ஒரு டெராபைட் வட்டு போதும், ஆனால் இரண்டு வட்டு வாங்கி இரண்டு கட்டடத்தில் வையுங்கள். அட்டை, விளம்பரப் பக்கம், விலை, முத்திரை, வெற்றுப் பக்கம் எதையும் விடாதீர்கள்.

ஸ்கேன் ஆனதும் தாளைப் பழைய பேப்பர் கடைக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மின்வடிவுக்கான விலக்கே உங்களிடம் தாள் பிரதி இருப்பதை வைத்துத்தான் நிற்கிறது. தாளை இழந்தால் அந்தப் பிடியும் தளர்ந்துவிடும். கிழிசலுக்குச் செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் செய்யாதீர்கள். பைண்டிங்குக்குக் கொடுத்தால் மைதாப் பசையில் மயில்துத்தம் கலக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். பூச்சிக்காகக் கலக்கும் அந்தத் தாமிரமே தாளை அரிக்கும். ராமபாணப் பூச்சிக்கு அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, வாரம் ஒருமுறை துடைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் ஆற்றுத் தண்ணீர் புகுந்து எங்கள் நூலக அலமாரியின் கீழ்த்தட்டு முழுக்க நனைந்தது. வெயிலில் காயவைத்தோம், பாதிக்கு மேல் கல்லாகிவிட்டன. இனி வந்தால் என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், ஏரல்

அந்த 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. அப்படி ஒரு தண்ணீருக்கு எந்த அலமாரியும் தாங்காது. ஆனால் உங்கள் புத்தகங்களைக் கல்லாக்கியது வெயில்.

பளபளப்பான ஆர்ட் பேப்பரில் பூசியிருக்கும் களிமண் நனைந்தால் பசை மாதிரி ஆகும். மூடியபடியே காய்ந்தால் பக்கங்கள் ஒரே பலகையாக ஒட்டிக்கொள்ளும், பிறகு எந்த வித்தையாலும் பிரிக்க முடியாது. அதனால் ஆர்ட் பேப்பர் நூலை ஈரம் காயுமுன் பக்கத்துக்குப் பக்கம் பட்டர் பேப்பர் வைத்துப் பிரிக்க வேண்டும். அதற்கு ஆளில்லை என்றால் காயவே விடாமல் பாலிதீனில் சுற்றிக் குளிரில் உறையவையுங்கள். சாதாத் தாள் நூலுக்கு இரண்டு நாள் அவகாசம் உண்டு. 48 மணி நேரம் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கும்.

சேறு இருந்தால் புத்தகத்தை மூடிய நிலையிலேயே இறுகப் பிடித்து நல்ல தண்ணீரில் அலசுங்கள். திறந்து தேய்த்தால் சேறு எழுத்துக்குள் போய்விடும். பேனா மையில் எழுதிய பதிவேடுகளை மட்டும் அலசக் கூடாது. பிறகு 10 தாளுக்கு ஒன்றாக, அச்சிடாத வெள்ளைத் தாளைச் செருகுங்கள். புத்தகத்தின் தடிமனில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் செருகினால் முதுகு பிளந்துவிடும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்றி, நிழலில் மின்விசிறிக் காற்றில் நிறுத்தி வையுங்கள். எண்ணிக்கை அதிகமென்றால் கரண்ட் வந்ததும் ஐஸ்பெட்டிகளில் பங்கு போடுங்கள். தூத்துக்குடியில் மீன் குளிர்பதனக் கிடங்கு வைத்திருப்பவர்களிடமும் கேட்டுப் பாருங்கள். மைனஸ் 18 பாகையில் பூஞ்சணம் நின்றுவிடும், நீங்கள் மாதக்கணக்கில் நிதானமாக ஒவ்வொன்றாக எடுத்துக் காயவைக்கலாம். உறையவைப்பது ஈரத்தை எடுக்காது, நேரத்தைத்தான் வாங்கித் தரும்.

எதை முதலில் எடுப்பது என்பதை இப்போதே எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். நாவலும் பாடநூலும் மறுபடி வாங்கிக்கொள்ளலாம். ஊர் மலர், தல வரலாறு, உள்ளூர்ப் புலவர் பாட்டு இவற்றை மேல்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். கீழ்த்தட்டு தரையிலிருந்து ஓர் அடியாவது உயரட்டும்.

கல்லாகிப்போனவற்றின் பெயர்ப் பட்டியல் கையில் இருக்கிறதா? 1954-க்குப் பிறகு வெளியான நூல்களை மட்டும் பிரித்தெடுத்து, ஆசிரியர், ஆண்டோடு கன்னிமாராவுக்கு எழுதிக் கேளுங்கள். பதிப்பாளர் அன்றைக்குப் பார்சல் கட்டி அனுப்பியிருந்தால் அங்கே ஒரு பிரதி இருக்கும். கடையில் கிடைக்காத நூலாக இருந்தால், முந்தைய பதிலில் சொன்ன 52-ஆவது பிரிவைக் காட்டி, உங்கள் நூலகத்துக்கு நகல் கேட்கலாம்.